நான் மடித்த பூப்பொட்டலம்

1

பனிச்சறுக்கு விடுமுறை வந்துவிட்டது. பிப்ரவரி கடைசியில் பின்லாந்துப் பள்ளிகளை ஒரு வாரம் மூடிவிடுவார்கள். இந்த ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வடக்கே போய் மலைச்சரிவில் சறுக்குவார்கள். நாங்கள் தாம்பரே நகரத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இன்னும் சறுக்கக் கற்றுக்கொள்ளவில்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் போகிற வழியிலேயே வாரம் ஒருமுறை சறுக்கி விழுந்து எழுகிறோம். அதுவே போதும் என்கிறார் என் கணவர்.

போன வருஷம் இதே விடுமுறையோடு இன்னும் சில நாள் சேர்த்து வாங்கிக்கொண்டு, நானும் மகள் இனியாவும் ஊருக்குப் போய் வந்தோம். ஊர் என்றால் கொமரலிங்கம். உடுமலைக்குக் கிழக்கே, அமராவதி ஆற்றங்கரையில், வாய்க்காலும் நெல்லும் தென்னையுமாக இருக்கிற ஊர். இந்த வருஷம் கோடை விடுமுறையில் போகலாமா என்று முந்தாநாள் காலையில் சாப்பிடும்போது கேட்டேன். இனியாவுக்குப் பத்து வயது. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நான் வரல. அங்க போனா மறுபடி என்னை எடுக்கச் சொல்லுவாங்க."

"எதை எடுக்கச் சொல்லுவாங்க?" என்று அவள் அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் அந்தப் பயணத்துக்கு வரவில்லை, அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவுகிற இயந்திரம் பக்கத்திலேயே சும்மா இருந்தது.

என்ன நடந்தது என்பதை ஊரில் இருக்கிறவர்கள் படிக்கும்படி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதில் நான் யோக்கியமாக நடந்துகொண்ட இடம் அதிகம் இல்லை.

2

செந்தில் என் தம்பி. எனக்கு நான்கு வயது இளையவன். முப்பத்தெட்டு ஆகிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. நான்கு ஏக்கர் வாய்க்கால் பாசனம், வரப்போரம் தென்னை, சொந்த வீடு. குடிக்க மாட்டான். யாரிடமும் குரலை உயர்த்திப் பேச மாட்டான். எங்கள் பக்கத்தில் இப்போது இந்தத் தகுதிகளை யாரும் சட்டை செய்வதில்லை.

பெண் வீட்டுக்காரர்கள் வருவார்கள். காப்பி குடிப்பார்கள். வீடு நன்றாக இருக்கிறது, தென்னை நன்றாக இருக்கிறது என்பார்கள். பிறகு, "தம்பி என்ன பண்றாருங்க?" என்று கேட்பார்கள். அம்மா, "தோட்டத்தைப் பாத்துக்கறானுங்க" என்பாள். "அப்பிடீங்களா" என்பார்கள். அவ்வளவுதான். எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதானாலும் மரியாதையாகத்தான் அறுப்பார்கள். ஒரு வீட்டார் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்து, "திருப்பூர்ல ஒரு ஊடு எடுத்துப் பொண்ணைக் குடி வெச்சுட்டு, வாரக் கடைசியில வந்து வெவசாயத்தைப் பாத்துக்கட்டுமேங்க" என்று யோசனை சொன்னார்கள். நெல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது என்பதை அவர்களிடம் யார் சொல்வது.

எட்டு வருஷம் இப்படிப் போனது. முதலில் நட்சத்திரம் பார்த்தாள் அம்மா. பிறகு படிப்பு வேண்டாம் என்றாள். பிறகு நிறம் வேண்டாம், வயது பரவாயில்லை என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் விடுவதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லாதபோதுதான் செந்தில் ஜெயாவைப் பற்றிச் சொன்னான்.

அணையில் தண்ணீர் இல்லாமல் வயல் காய்ந்து கிடந்த மூன்று வருஷம் அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தான். ஜெயா அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் துணியில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் பிழைக்க வந்தவள். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டு, தனக்கு வயது முப்பத்துநான்கு ஆகிவிட்டதைக் கவனிக்காமல் இருந்தவள். கிறிஸ்தவப் பெண்.

அம்மா கத்தவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாவது நாள், "தாயிகிட்டப் பூக் கேட்டுப் பாக்கலாம்" என்றாள்.

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிணறு வெட்டுவதானாலும், கல்யாணம் பேசுவதானாலும், குலதெய்வத்திடம் கேட்காமல் செய்ய மாட்டோம். எங்கள் குலதெய்வம் தாயி. சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று ஏதாவதொரு பொட்டலத்தை எடுக்கும். ஒரு நிறம் வந்தால் சாமி சரி என்கிறது, இன்னொரு நிறம் வந்தால் வேண்டாம் என்கிறது.

இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று புரிந்தது. அம்மாவுக்குச் சம்மதிக்க ஆசை. பங்காளிகளை நினைத்துத்தான் பயந்தாள். வேறு சாதி, வேறு மதம், இத்தனை வயது என்று பேசுகிறவர்களை எல்லாம் ஒரே வார்த்தையில் அடக்க, தாயி சொல்லிவிட்டாள் என்பதைத் தவிர அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

3

"நீ வந்துதான் மடிக்கோணும் கண்ணு" என்று அம்மா ஃபோனில் சொன்னாள்.

எங்கள் கோயிலில் பூவைப் பூசாரி மடிக்கக்கூடாது. எது எங்கே இருக்கிறதென்று அவருக்கே தெரியக்கூடாது. அந்த வீட்டில் பிறந்த பெண்தான் தனியாகப் போய் மடித்துக்கொண்டு வரவேண்டும்.

"சித்தப்பா மக உடுமலையிலதானம்மா இருக்கா? அவளைக் கூப்பிட்டுக்கலாமே."

"அவ மடிச்சா நாளைக்கு அவுங்க ஊட்டுப் பேச்சா ஆயிரும். கூடப் பொறந்தவ நீ மடிச்சாத்தான் செல்லும். எப்ப வர்றே சொல்லு, அதுவரைக்கும் காத்திருக்கறோம்."

ஏழு மாதம் காத்திருந்தார்கள். இங்கே லீவு வாங்குவது என்றால் சும்மாவா? நான் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். விடுப்புக்குக் கணினியில் ஒரு படிவம், இனியாவின் பள்ளிக்கு இன்னொரு படிவம், அதைத் தலைமையாசிரியர் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். இரண்டிலும் காரணம் என்று ஒரு கட்டம். தம்பிக்குக் கல்யாணம் செய்யலாமா என்று தெய்வத்திடம் கேட்பதற்குப் பூ மடிக்கப் போகிறேன் என்பதைப் பின்னிஷ் மொழியில் எப்படி எழுதுவது? "குடும்ப நிகழ்ச்சி" என்று போட்டேன். என் மேலதிகாரி நல்ல பெண். "தம்பிக்குக் கல்யாணமா?" என்று கேட்டாள். "இன்னும் தெரியாது, போனால்தான் தெரியும்" என்றேன். வேறொன்றும் கேட்காமல் தலையாட்டினாள்.

இந்த மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாகப் பேசுகிறேன், இன்னும் வாய்க்கு வரவில்லை. இதில் "தயவுசெய்து" என்பதற்குத் தனியாக ஒரு சொல்லே இல்லை. "ரொட்டி கொடு" என்றால் ரொட்டி கொடு. பேச்சுக்குப் பேச்சு "ங்க" போட்டு வளர்ந்தவள் நான். முதல் இரண்டு வருஷம் கடைக்குப் போனால் சண்டை போட்டுவிட்டு வருகிற மாதிரி இருக்கும். இனியாவுக்கு அந்தச் சங்கடம் கிடையாது. தமிழிலும் அப்படியே பேசுவாள். "அம்மாயி, தண்ணி கொடு" என்பாள் என் அம்மாவிடம். அம்மா சிரித்துக்கொண்டு கொடுப்பாள். பேத்தி என்பதால் சிரிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இனியாவுக்கு இருப்பதை மறைக்கவும் தெரியாது, இல்லாததைச் சொல்லவும் தெரியாது. இங்கே பள்ளியில் அப்படித்தான் பழக்குகிறார்கள். எனக்கு அதில் பெருமையும் உண்டு, பயமும் உண்டு.

4

பூக் கேட்பதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, ஜெயாவைப் பார்க்கத் திருப்பூர் போனேன். காதர்பேட்டையில் பனியன் வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அது பொய்யில்லை. காப்பகத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இனியாவை வீட்டில் விட்டுவிட்டு உடுமலையிலிருந்து பல்லடம் வழியாகத் தனியார் பேருந்தில் போனேன். ஓட்டுநர் ஏதோ வஞ்சம் தீர்ப்பது போல ஓட்டினார்.

காதர்பேட்டையில் கடை வாசலிலேயே நின்றிருந்தாள். ஒல்லியாக, கொஞ்சம் கூன் போட்ட மாதிரி. பதினைந்து வருஷம் மேசை விளக்கின் கீழே குனிந்து துணி பார்த்த முதுகு. கடைக்காரரோடு இந்தியில் பேரம் பேசினாள். எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

"கம்பெனியில பாதிப் பேரு பீகார்க்காரங்கதானக்கா. பேசாம இருந்தா பொழுது போகுமா?" என்றாள். நான் கையில் எடுத்த பனியனை வாங்கி, உள்பக்கம் திருப்பி, தோள் தையலை விரலால் ஒரு இழு இழுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தாள். "இது செகண்ட்ஸ்க்கா. எடுக்காதிய. ரெண்டு தடவ தொவைச்சா பிரிஞ்சிரும்."

அடுத்த சந்தில் ஒரு பேக்கரியில் டீ குடித்தோம். கடைசியில் நானே ஆரம்பித்தேன்.

"பூக் கேக்கறது உனக்குச் சங்கடமா இருக்குமே ஜெயா."

"எங்க சபையில தெரிஞ்சா ஏசுவாங்க. தெரியாதுல்லா. அம்மா மனசு ஆறணும்னா கேக்கட்டும்க்கா, எனக்கு ஒண்ணுமில்ல." டம்ளரைக் கீழே வைத்தாள். "நானும் ஜெபத்துல வச்சிருக்கேன். நல்ல பூவா வரணும்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள்.

"ரெண்டு பேரும் பேசாம ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டா என்ன? அம்மா நாளைக்குச் சரியாயிருவா" என்றேன்.

"இல்லக்கா" என்றாள் உடனே. "எங்க அம்மா அப்படித்தான் எங்க அப்பாகூடப் போனா. ஆச்சி சாவுறவரைக்கும் எங்க அம்மாவ வீட்டுக்குள்ள ஏத்தல. வாசல்லயே நின்னு பாத்துட்டு வந்தா. உங்க அம்மா வாயால வான்னு கூப்புடாம நான் அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன். அவங்கட்டயும் சொல்லிட்டேன்." அவங்க என்றது செந்திலை.

ஆக, எல்லாம் அந்த இரண்டு பொட்டலத்தில் வந்து நின்றது. அம்மா கூப்பிட்டால்தான் இவள் வருவாள். தாயி சொன்னால்தான் அம்மா கூப்பிடுவாள். திரும்பி வரும்போது பல்லடம் தாண்டியதும் எனக்கு அந்த யோசனை வந்தது. மடிக்கப்போவது நான்தானே? இரண்டிலும் நல்ல பூவையே வைத்துவிட்டால் என்ன?

தப்பு என்று தோன்றவேயில்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் தோன்றியது.

5

செவ்வாய்க்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். ஆற்றங்கரையில் தென்னந்தோப்புக்கு நடுவே சின்னக் கோயில். அம்மா, செந்தில், இனியா, நான், பெரியப்பா, பங்காளிகள் இரண்டு பேர், பூசாரி. பூசாரி என்னிடம் ஒரு தட்டைக் கொடுத்தார். அதில் செவ்வரளியும் நந்தியாவட்டையும் கொஞ்சம் கொஞ்சம், வாழையிலைத் துண்டு இரண்டு, நார்.

தட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் ஆற்றுப் படிக்கட்டுக்குப் போனேன். தனியாக உட்கார்ந்தேன். ஒரு இலையில் நந்தியாவட்டை வைத்து மடித்தேன். இன்னொரு இலையிலும் நந்தியாவட்டை வைத்து மடித்தேன். இரண்டும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்து நாரால் கட்டினேன். செவ்வரளியைத் தண்ணீரில் விட்டேன். அது சுற்றிக்கொண்டே போனது.

வெள்ளைதான் நல்ல பூ. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாங்கள் பின்லாந்து போகலாமா என்று என் மாமனார் பூக் கேட்டபோது வெள்ளை வந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவர்கள் வீடு கட்டக் கேட்டபோதும் வெள்ளைதான். நான் கண்ணால் பார்த்தது.

பூசாரி இரண்டு பொட்டலத்தையும் வாங்கித் தாயியின் காலடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி வைத்தார். விளக்கைக் காட்டினார். "கொழந்தையை வரச் சொல்லுங்க" என்றார்.

இனியா என்னைப் பார்த்தாள். "எது சரி?" என்று பின்னிஷில் கேட்டாள்.

"ரெண்டும் சரிதான். உனக்குப் பிடிச்சதை எடு" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக நான் அவளிடம் எதையும் சொன்னதில்லை என்று அப்போது உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

நான் சிரித்தேன். வாய் நிறையச் சிரித்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா கும்பிட்ட கையை இறக்காமல் நின்றிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். செந்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"செரி. தாயி வேண்டாம்னுட்டா. கெளம்பலாமுங்க."

"வெள்ளைதானுங்களே பெரியப்பா வந்திருக்கு?" என்றேன்.

"வெள்ளை உங்க மாமியார் ஊட்டுக் கோயல்ல நல்லதா இருக்கும் கண்ணு. நம்ம தாயிக்குச் செகப்புத்தான் வாக்கு. சின்னதுல நீயே எத்தனை தடவை எடுத்துக் குடுத்திருக்கறே, தெரியாதா?"

தெரியாது. எடுக்கிற குழந்தைக்கு எது நல்லது என்று சொல்லக்கூடாது. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. விவரம் தெரிகிற வயதில் கல்யாணமாகி மாமியார் வீட்டுச் சாமியைக் கும்பிடப் போய்விட்டேன். மடிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சந்தேகம் வரும் என்றுதான் கேட்கவில்லை. அத்தனை கெட்டிக்காரத்தனம்.

"இன்னொரு தடவை கேக்கலாமுங்களா?" என்று பூசாரியிடம் கேட்டேன்.

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தானுங்க" என்றார் அவர். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கொண்டுபோய் ஆற்றில் விட்டார். அதுவும் வழக்கம்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இதைப் படிக்கிற நீங்கள் என்னைத் திட்டுவீர்கள், திட்டுங்கள். பங்காளிகள் முன்னால், வேற்று மதத்துப் பெண்ணுக்காகச் சாமியை ஏமாற்றப் பார்த்தேன் என்று நான் சொன்னால் அம்மா எந்த முகத்தோடு அந்தக் கோயிலுக்கு மறுபடி வருவாள்? வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். இன்னும் நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் அப்படியே போயின.

6

வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அம்மா வழக்கம்போல் சமைத்தாள். செந்தில் வயலுக்குப் போனான். அறுவடை இயந்திரம் வந்திருந்தது. நான் வரப்பில் போய் நின்றேன்.

"அவளுக்குச் சொல்லிட்டியா?" என்றேன்.

"சொல்லிட்டேன்க்கா."

"என்ன சொன்னா?"

"சரின்னா." இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். "உட்ரு அக்கா. நீ அவ்வளவு தூரம் வந்ததே பெருசு."

அப்போதும் நான் சொல்லவில்லை. அன்று மாலை ஜெயாவே என்னைக் கூப்பிட்டாள். பின்னால் தையல் இயந்திரச் சத்தம் கேட்டது.

"வருத்தப்படாதியக்கா. பிள்ள கையில என்ன இருக்கு, எதை எடுத்தா என்னன்னு அவளுக்குத் தெரியுமா? அவள ஒண்ணும் சொல்லிராதிய. நான் எங்கயும் போயிரப்போறதில்ல, இங்கதான் இருப்பேன்."

ஜெயா சொன்னது சரி, ஆனால் இனியாவிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விமான நிலையத்துக்குப் போகிற காரில் அவள் கேட்டாள்: "நான் தப்பா எடுத்துட்டேனா?"

"இல்லம்மா."

"அப்போ ஏன் மாமாவுக்குக் கல்யாணம் இல்ல?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் கை எந்தப் பக்கம் போயிருந்தாலும் இதேதான் வந்திருக்கும் என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள். அதைச் சொன்னால் என் தப்பைச் சொல்ல வேண்டும். ஒன்பது வயதுக் குழந்தை என் தப்பைத் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு ஒரு வருஷம் இருந்திருக்கிறாள். ஊருக்கு ஃபோன் செய்யும்போதெல்லாம் வேறு அறைக்கு எழுந்து போய்விடுவாள். தமிழ் மறந்துவருகிறது, கூச்சப்படுகிறாள் என்று நானும் என் கணவரும் பேசிக்கொண்டோம். இங்கே வளரும் பிள்ளைகள் விலகிப்போவதைப் பற்றி வெளிநாட்டுத் தமிழர்கள் நாங்கள் கூடிக் கூடிப் பேசுவோம். என் பிள்ளை விலகியதற்குக் காரணம் நான்.

செந்தில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் போய்வருகிறான் என்று அம்மா ஒருமுறை சொன்னாள். தடுப்பதில்லையா என்று கேட்டேன். "போயிட்டு வரட்டும்" என்றாள். அதில் கோபம் இல்லை. அதை வைத்துக்கொண்டு இன்னும் வழி இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருந்தேன்.

7

பாத்திரம் கழுவி முடித்துவிட்டு இனியாவின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில் பாதி, அவள் மொழியில் பாதி.

"அப்போ ரெண்டுலயும் வெள்ளையா?"

"ஆமா."

"அப்போ நான் தப்பு செய்யல."

"செய்யல."

"அப்போ மாமா கல்யாணம் செய்யலாம்" என்றாள். "அது கேள்வியே இல்ல. ரெண்டும் வெள்ளைன்னா யாரும் எதையும் கேக்கல. அம்மாயிக்கு ஃபோன் பண்ணு."

பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த நியாயம். அது கேள்வியே இல்லை, அதனால் பதிலும் இல்லை. ஒரு வருஷமாக எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. அங்கே மத்தியானம். வீடியோவில் கூப்பிட்டேன். இனியாவும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், ஒரு வருஷத்துக்குப் பிறகு.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ஃபோனை எதிரே சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். பேத்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் வைத்தேன், வெள்ளை நல்லது என்று நினைத்து வைத்தேன், ஜெயா வரவேண்டும் என்று வைத்தேன்.

அம்மாவின் கை நின்றது.

"செகப்ப என்ன பண்ணுனே?"

"ஆத்துல உட்டுட்டேன்மா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றிருந்தது.

"நானும் ஒரு வருசமா அதையேதான் நெனச்சுட்டிருந்தேன் கண்ணு" என்றாள். "கொழந்த கை கொஞ்சம் வலப்பக்கமாப் போயிருந்தா செகப்பு வந்திருக்குமே, ஒரு விரக்கடையில போச்சேன்னு. மனசே ஆகுல. பூசாரியைப் புடிச்சு நச்சுப்பண்ணி, வருசம் திரும்பிருச்சு, இன்னொருக்காக் கேக்கலாமுங்கன்னு சம்மதிக்க வெச்சேன். வர்ற சித்திரையில கேக்கறதா இருந்தோம். உனக்கு லீவு கெடைக்காது, உன்ற சித்தப்பன் மவளையே மடிக்கச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

எனக்கு மூச்சு வந்தது. "கேளும்மா. கண்டிப்பாக் கேளு."

"இனி எதுக்குக் கேக்கறது? ரெண்டுலயும் வெள்ளையே வெக்க வெச்சுட்டாளே தாயி. ஒரு பக்கங்கூட வழி உடுலயே."

"நான் வெச்சதும்மா. அவ வெக்கல. நான் தெரியாம வெச்சது."

"பொறந்த கோயல்ல எது நல்லதுன்னு உனக்குத் தெரியாமப் பண்ணுனது ஆரு? அத்தனை தூரத்துல இருந்து உன்னைய வரவெச்சு, உன் கையாலயே செகப்ப எடுத்து ஆத்துல உட வெச்சது ஆரு?" கோபமே இல்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். அவள் முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத தெளிவு இருந்தது. "நல்லவேளை இப்பவாச்சும் சொன்னே. இல்லீன்னா தெரியாம மறுக்காப் போய்க் கேட்டிருப்பேன்."

நான் என்னென்னவோ சொன்னேன். இனியா சொன்னதையும் சொன்னேன், அது கேள்வியே இல்லை என்று. அம்மா பொறுமையாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்று சொல்லச் சொல்ல அவளுக்கு அது இன்னும் உறுதியானது. பதினோரு வருஷமாக அந்நிய மொழியில் தடுமாறியிருக்கிறேன், சொந்த மொழியில் சொல்லி ஒன்றும் ஏறாமல் போவதை அன்றுதான் பார்த்தேன்.

"அம்மாயி என்ன சொல்றாங்க?" என்று இனியா என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

அப்போது வயலிலிருந்து செந்தில் உள்ளே வந்தான். அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைக்கு ஃபோன் பண்ணிச் சொல்லீரு சாமி" என்றாள் அவனிடம், மிகுந்த பரிவோடு. "சித்திரையில கேக்கப் போறதில்லீன்னு. எனக்காவப் பாத்துட்டு அந்தப் புள்ள இன்னும் காத்துட்டிருந்தாப் பாவம். வேற எடம் பாத்துக்கச் சொல்லு."

செந்தில் அம்மாவைப் பார்த்தான். ஃபோனில் என்னைப் பார்த்தான். என்ன நடந்தது என்று என்னிடம் கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"செரிம்மா" என்றான்.